குடற்காய்ச்சல் தடுப்பு மருந்து

குடற்காய்ச்சல் தடுப்பு மருந்து என்பது சால்மோனெல்லா டைஃபி என்னும் பாக்டீரியாவால் ஏற்படும் குடற்காய்ச்சல் (டைபாய்டு) நோய் வராமல் தடுப்பதற்காக ஊசி மூலமாகவோ வாய் வழியாகவோ தரப்படும் மருந்து ஆகும். இந்நோய் மாசுபட்ட உணவு, நீர் ஆகியவற்றின் மூலம் பரவுகிறது. இதற்கான முதல் தடுப்பு மருந்து 1896 ஆம் ஆண்டிலேயே உருவாக்கப்பட்டுவிட்டது. ஆனால் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் பயன்தரக்கூடிய மருந்து, ஏறத்தாழ 120 ஆண்டுகள் கழித்து, 2010களில்தான் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியது. உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி 2019 ஆம் ஆண்டில் சுமார் 90 இலட்சம் பேர் இந்நோயால் பாதிக்கப்பட்டனர். சுமார் 1,10,000 பேர் இறந்தனர். இவர்களில் பெரும்பாலோர் தெற்காசியாவையும் ஆப்பிரிக்காவையும் சேர்ந்தவர்கள்.

பெயர்

தமிழ்நாட்டில் பேச்சு வழக்கில் டைபாய்டு என்றே இந்நோய் அழைக்கப்படுகிறது. இலங்கைத் தமிழில் நெருப்புக் காய்ச்சல் என்பது வழக்கு. ஆங்கிலப் பெயரின் ஒலிப்பு ஒன்றுபோல இருந்தாலும் டைஃபஸ் என்பது பேன், உண்ணி போன்றவற்றால் பரவும் முற்றிலும் வேறான நோயாகும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. தடுப்பூசி என்ற சொல் பரவலாக வழங்கினாலும், இந்நோய்க்கு வாய்வழி உட்கொள்ளும் மருந்தும் இருந்துள்ளதால் இக்கட்டுரையில் தடுப்பு மருந்து என்ற பொதுச்சொல் ஆளப்படுகிறது.

நோய் பரவும் விதம்

சால்மோனெல்லா டைஃபி மனிதரை மட்டுமே இயற்கையாகத் தொற்றுகிறது. கோழியிறைச்சி, முட்டை வழியே வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பிற சால்மோனெல்லா வகைகளிலிருந்து இது இவ்வகையில் வேறுபடுகிறது. நோயாளியின் மலத்தில் வெளியேறும் பாக்டீரியா குடிநீரிலோ உணவிலோ கலந்து அடுத்தவர் வயிற்றை அடைகிறது. அங்கிருந்து சிறுகுடலின் சுவரைக் கடந்து, குருதி வழியே கல்லீரல், மண்ணீரல், எலும்பு மச்சை ஆகிய இடங்களுக்குச் செல்கிறது. எனவே இது பெயரளவில் குடல் நோய் எனினும் உடல் முழுவதையும் பாதிக்கும் நோயாகும். உரிய மருத்துவம் இல்லையெனில் மூன்றாவது வாரத்தை ஒட்டிக் குடலில் துளை விழுதல், குருதிப்போக்கு போன்ற ஆபத்தான சிக்கல்கள் தோன்றக்கூடும்.

குணமடைந்தவர்களில் சிலரது பித்தப்பையில் பாக்டீரியா ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது. அவர்களுக்கு எந்த அறிகுறியும் இராது; ஆனால் அவர்கள் கைபட்ட உணவு பிறருக்கு நோயைத் தரும். நியூயார்க் நகரில் சமையல் பணி செய்துவந்த மேரி மாலன் இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு. 1907 ஆம் ஆண்டில் அடையாளம் காணப்பட்ட அவர் 1910 வரை தனிமைப்படுத்தி வைக்கப்பட்டார். விடுவிக்கப்பட்ட பின் மீண்டும் சமையல் வேலைக்குச் சென்றதால் 1915 இல் மறுபடியும் பிடிக்கப்பட்டு, 1938 இல் இறக்கும்வரை தனிமையிலேயே இருந்தார். செல்வந்த நாடுகளில் இந்நோய் மறைந்துவந்த காலத்திலும் உணவு வழியே அது திரும்பியதுண்டு. 1964 ஆம் ஆண்டில் இசுக்காட்லாந்தின் அபர்தீன் நகரில் அர்ஜென்டினாவிலிருந்து வந்த தகர டப்பா மாட்டிறைச்சி மூலம் 400க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். ஒரே கடையில் அந்த இறைச்சியைத் துண்டு போட்ட இயந்திரம் மற்ற இறைச்சிகளுக்கும் கிருமியைப் பரப்பியது.

வரலாறு

முதல் தடுப்பு மருந்து

நோய்க்கிருமியை 1880 இல் கார்ல் எபெர்த் கண்டறிந்தார். 1884 இல் கேயோர்க் காஃப்கி அதைத் தனியே வளர்த்தார். 1896 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஆல்ம்ரோத் ரைட்டும், செருமனியில் ரிச்சார்ட் பைஃபர், வில்ஹெல்ம் கோலே ஆகியோரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வெப்பத்தால் கொல்லப்பட்ட முழு பாக்டீரியாவைக் கொண்டு தடுப்பு மருந்து தயாரித்தனர். யார் முதல்வர் என்பது பற்றி நெடுங்காலம் சர்ச்சை நிலவியது. ரைட் பிரித்தானிய இராணுவ மருத்துவப் பள்ளியில் பணியாற்றியவர். இதனால் மருந்தின் முதல் பயனாளிகள் படைவீரர்களாகவே அமைந்தனர். 1898 இல் பிளேக் நோய் ஆணையத்தின் உறுப்பினராக இந்தியா வந்த ரைட், இங்கிருந்த பிரித்தானிய வீரர்கள் சுமார் 4,000 பேருக்கு ஊசி போட்டார்.

அடுத்து வந்த தென்னாப்பிரிக்கப் போரில் (1899–1902) ஊசி கட்டாயமாக்கப்படவில்லை. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களில் ஏறத்தாழ 14,000 பேரே முன்வந்து போட்டுக்கொண்டனர். சுமார் 58,000 பேருக்குக் குடற்காய்ச்சல் கண்டது. 8,000க்கும் மேற்பட்டோர் அதனால் இறந்தனர். அப்போரில் குண்டடிபட்டு மாண்ட பிரித்தானியரைவிட நோயால் மாண்டவர்களே மிகுதி.

பியர்சனின் மறுப்பு

ரைட் தொகுத்த தரவுகளைப் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் 1904 இல் ஆராய்ந்து கடுமையாக விமர்சித்தார். ஊசி போட்டுக்கொண்டவர்கள் தாமாக முன்வந்தவர்கள். அவர்கள் இயல்பிலேயே தம் உடல்நலத்தில் கூடுதல் அக்கறை உள்ளவர்களாக இருக்கலாம். மேலும் ஒரு படைப்பிரிவில் கிடைத்த முடிவு இன்னொன்றில் கிடைத்த முடிவுடன் ஒத்துப்போகவில்லை. எனவே விருப்பம் தெரிவிப்போரின் பெயர்களைப் பதிந்துகொண்டு, அவர்களில் ஒருவர் விட்டு ஒருவருக்கு மட்டும் ஊசி போட்டுப் பார்க்க வேண்டும் என்று பியர்சன் முன்மொழிந்தார். இன்று மருத்துவ ஆய்வின் அடிப்படையாகக் கருதப்படும் ஒப்பீட்டுச் சோதனையின் தொடக்கக் கருத்துகளில் இதுவும் ஒன்று. ரைட் இதை ஏற்கவில்லை. இருவரும் இதழ்களில் வெளிப்படையாக மோதிக்கொண்டனர். பிற்காலத்தில் பார்க்கையில் மருந்து பயனுள்ளது என்பதில் ரைட்டும், அதை அவர் நிறுவிய முறை போதாது என்பதில் பியர்சனும் சரியாகவே இருந்துள்ளனர்.

வில்லியம் லீஷ்மன் மருந்தின் தயாரிப்பைச் செம்மைப்படுத்தியதுடன், மேலும் கவனமாகத் தரவுகளைத் திரட்டினார். 1911 இல் அமெரிக்கத் தரைப்படை ஊசியைக் கட்டாயமாக்கியது. முதல் உலகப்போரில் பிரித்தானியப் படையினரில் மிகப் பெரும்பாலோர் ஊசி போட்டுக்கொண்டனர். பல இலட்சக்கணக்கானோர் பதுங்கு குழிகளில் கிடந்த அப்போரில் குடற்காய்ச்சலால் இறந்த பிரித்தானிய வீரர்கள் சுமார் 1,200 பேர் மட்டுமே.

பின்னர் பாராடைஃபி ஏ, பி ஆகியவற்றையும் சேர்த்து டி.ஏ.பி. என்ற கூட்டு மருந்து பல நாடுகளில் வழங்கியது. இதைப் போட்டுக்கொண்ட மூத்த தலைமுறையினருக்குக் கை வீங்கி, ஓரிரு நாள் காய்ச்சலுடன் படுத்த நினைவு இருக்கும். கொல்லப்பட்ட பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் உள்ள நச்சுப்பொருளே இதற்குக் காரணம். நோய்க்கு மாற்றாக ஒரு சிறு நோயைத் தருவது போன்ற இம்மருந்தைக் கைக்குழந்தைகளுக்குப் போட எவரும் விரும்பவில்லை.

நுண்ணுயிர் எதிரிகளின் காலம்

1948 இல் கோலாலம்பூரில் வேறொரு நோயை ஆராய்ந்துகொண்டிருந்த அமெரிக்க மருத்துவர்கள், குளோராம்பெனிகால் குடற்காய்ச்சலைக் குணப்படுத்துவதைக் கண்டனர். அதன்பின் தடுப்பு மருந்தின் மீதான ஆர்வம் குறைந்தது. காய்ச்சல் வந்தபின் மாத்திரை தந்தால் போதும் என்ற நிலை ஏற்பட்டது. இந்நிலை நீடிக்கவில்லை. 1972 இல் மெக்சிக்கோவிலும் கேரளத்தின் கோழிக்கோட்டிலும் குளோராம்பெனிகாலுக்குக் கட்டுப்படாத வகைகள் பதிவாயின. அடுத்தடுத்து வந்த மருந்துகளும் ஒவ்வொன்றாக வலுவிழந்தன. தடுப்பு மருந்து மீண்டும் தேவைப்பட்டதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

புதிய மருந்துகள்

வாய்வழி மருந்து

சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் ரெனே ஜெர்மானியே, எமில் ஃபியூரர் ஆகியோர் 1975 இல் டிஒய்21ஏ என்னும் வலுவிழக்கச் செய்யப்பட்ட உயிருள்ள பாக்டீரியா வகையை உருவாக்கினர். இது குடலில் சில நாள் வாழ்ந்து, எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிட்டு மறைந்துவிடும். எகிப்தின் அலெக்சாந்திரியாவில் பள்ளிக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் 96 விழுக்காடு பாதுகாப்புக் கிடைத்தது. சிலி நாட்டின் சான்டியாகோ நகரில், நோய் மிகுதியாக இருந்த சூழலில், மூன்று உறைமாத்திரைகள் 67 விழுக்காடு பாதுகாப்பையே தந்தன. ஆயினும் அப்பாதுகாப்பு ஏழாண்டுகள் வரை நீடித்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் உட்கொள்ள வேண்டிய மாத்திரையைச் சிறு குழந்தைகளால் விழுங்க இயலாது என்பது இதன் பெருங்குறை. செல்வந்த நாட்டுப் பயணிகளே இதை மிகுதியாகப் பயன்படுத்தினர். 2024 இல் இதன் தயாரிப்பை நிறுத்துவதாக உற்பத்தி நிறுவனம் அறிவித்தது.

விஐ சர்க்கரை உறை

குடற்காய்ச்சல் பாக்டீரியா தன்னைச் சுற்றி ஒரு சர்க்கரைத் தொடரால் ஆன உறையைப் போர்த்திக்கொள்கிறது. இலண்டனில் ஆர்தர் ஃபெலிக்சும் மார்கரெட் பிட்டும் 1934 இல் இதைக் கண்டறிந்து விஐ எனப் பெயரிட்டனர். நோய் உண்டாக்கும் வீரியத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலிரு எழுத்துகளே இப்பெயர். இவ்வுறை நமது நோயெதிர்ப்பு அமைப்பின் கண்ணில் படாமல் பாக்டீரியாவை மறைக்கிறது. எனவே உறையையே இலக்காகக் கொண்டால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. தொடக்க முயற்சிகளில் கடுமையான வேதி முறைகளால் உறை பிரிக்கப்பட்டதால் அதன் அசிட்டைல் தொகுதிகள் சிதைந்து, மருந்து பயனற்றுப் போனது. அமெரிக்க தேசிய நலவாழ்வுக் கழகத்தைச் சேர்ந்த ஜான் ராபின்சும் குழுவினரும் உறையைச் சிதைக்காமல் பிரித்தெடுத்தனர்.

இம்மருந்து 1980களில் நேபாளத்திலும் தென்னாப்பிரிக்காவிலும் சோதிக்கப்பட்டது. ஒரே ஊசியில் நேபாளத்தில் 70 விழுக்காட்டுக்கு மேலும், தென்னாப்பிரிக்கப் பள்ளிக் குழந்தைகளிடம் மூன்றாண்டுகளில் 55 விழுக்காடும் பாதுகாப்புக் கிடைத்தது. பழைய மருந்தைப் போன்ற காய்ச்சலும் வீக்கமும் இல்லை. கொல்கத்தாவின் நெரிசலான குடியிருப்புகளில் நடந்து 2009 இல் வெளியான ஆய்வில், ஊசி போட்டவர்களுக்கு 61 விழுக்காடு பாதுகாப்புடன், அதே பகுதியில் ஊசி போடாத அண்டை வீட்டாருக்கும் 44 விழுக்காடு பாதுகாப்புக் கிடைத்தது தெரியவந்தது. நோயாளிகள் குறைந்தால் உணவிலும் நீரிலும் சேரும் கிருமியும் குறையும் என்பதே இதன் பொருள்.

ஆனால் வெறும் சர்க்கரைத் தொடருக்கு அடிப்படையான ஒரு குறை உண்டு. நோயெதிர்ப்பு அமைப்பில் பி உயிரணுக்கள் பிறபொருளெதிரிகளை உருவாக்குகின்றன. அவற்றுக்குப் பயிற்சியளித்து நினைவாற்றலை உண்டாக்குபவை டி உயிரணுக்கள். டி உயிரணுக்கள் புரதத் துணுக்குகளை மட்டுமே இனங்காண வல்லவை. சர்க்கரையைக் கண்டு அவை அசைவதில்லை. எனவே விஐ ஊசி டி உயிரணுக்களின் உதவியின்றியே செயல்பட வேண்டியுள்ளது. இதனால் சில ஆண்டுகளில் பாதுகாப்புத் தேய்கிறது. மறு ஊசி போட்டாலும் முன்பைவிட வலுவான விளைவு தோன்றுவதில்லை. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உடலோ ஏறத்தாழ எந்த மறுமொழியும் காட்டுவதில்லை.

இணைப்பு மருந்து

இதற்கான தீர்வு பழையதுதான். ஒரு சர்க்கரையைப் புரதத்துடன் வேதிப்பிணைப்பால் இணைத்துவிட்டால் உடல் இரண்டையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும் என்பதை ஆஸ்வால்ட் ஏவரியும் வால்தர் கோபெலும் நிமோனியா பாக்டீரியாவைக் கொண்டு 1930 வாக்கில் காட்டியிருந்தனர். குழந்தைகளுக்கு மூளையுறை அழற்சியை உண்டாக்கும் ஹிப் பாக்டீரியாவுக்கு இம்முறையில் அமைந்த மருந்து 1987 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதை உருவாக்கியவர்களுள் ராபின்சும் ரேச்சல் ஷ்னீர்சனும் அடங்குவர். அவர்களே அம்முறையை விஐ உறைக்கும் கொண்டுவந்தனர். வியட்நாமின் மேக்கொங் படுகைப் பகுதியில் இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 91.5 விழுக்காடு பாதுகாப்பைக் காட்டியது. இம்முடிவு 2001 இல் வெளியானது.

அதன்பின்னும் இம்மருந்து பெருமளவில் தயாரிக்கப்படப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. இதற்கு அறிவியல் காரணம் எதையும் விடச் சந்தைக் காரணமே பெரிதாகத் தோன்றுகிறது. பணம் தந்து வாங்கக்கூடிய பயணிகளுக்கும் படையினருக்கும் பழைய ஊசியே போதுமானதாக இருந்தது. தேவைப்பட்ட குழந்தைகளின் பெற்றோரிடம் பணம் இல்லை. ஐதராபாத்தைச் சேர்ந்த பாரத் பயோடெக் நிறுவனம், இசிவு நோய் நச்சிலிருந்து பெறப்பட்ட தீங்கற்ற புரதத்துடன் விஐ உறையை இணைத்து உருவாக்கிய மருந்து 2013 இல் இந்தியாவில் உரிமம் பெற்றது. ஆறு மாதக் குழந்தைக்கும் இதை ஒரே தவணையாகப் போடலாம்.

சோதனைகள்

இந்நோய் மனிதருக்கு மட்டுமே வருவதால் எலி, முயல் போன்றவற்றிடம் மருந்தின் பயனைச் சரிவரச் சோதிக்க இயலாது. எனவே ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தில் தாமாக முன்வந்த நலமான பெரியவர்களுக்கு ஊசி போட்டு, ஒரு மாதம் கழித்து உயிருள்ள குடற்காய்ச்சல் பாக்டீரியாவையே குடிக்கக் கொடுத்தனர். வயிற்று அமிலம் கிருமியைக் கொன்றுவிடாமல் இருக்க முதலில் சோடா உப்புக் கரைசல் தரப்பட்டது. நோய் கண்டவர்களுக்கு உடனே மருந்து அளிக்கப்பட்டது. 2017 இல் வெளியான முடிவின்படி, குடற்காய்ச்சல் ஊசி போடாதவர்களில் 77 விழுக்காட்டினருக்கும், இணைப்பு மருந்து பெற்றவர்களில் 35 விழுக்காட்டினருக்கும் தொற்று உறுதியானது. குருதியில் சிறிதளவு கிருமி தென்பட்டாலே நோய் எனக் கொண்ட கடுமையான அளவுகோல் இது. நடைமுறையில் மருத்துவர் காணும் காய்ச்சலை அளவுகோலாகக் கொண்டால் பாதுகாப்பு 87 விழுக்காடு.

இம்முடிவும் குழந்தைகளின் குருதியில் காணப்பட்ட பிறபொருளெதிரி அளவுகளும் துணைநிற்க, உலக சுகாதார அமைப்பு இம்மருந்துக்கு முன்தகுதி அளித்து, 2018 இல் ஆறு மாதத்திற்கு மேற்பட்ட குழந்தைகளுக்குப் பரிந்துரைத்தது. தொடர்ந்து மூன்று நாடுகளில் பெரிய களச் சோதனைகள் நடந்தன. நேபாளத்தின் லலித்பூரில் சுமார் 20,000 குழந்தைகளிடம் 82 விழுக்காடும், மலாவியின் பிளான்டைர் நகரில் சுமார் 28,000 குழந்தைகளிடம் 80 விழுக்காட்டுக்குச் சற்று மேலும், வங்காளதேசத்தின் டாக்காவில் 85 விழுக்காடும் பாதுகாப்புக் கிடைத்தது. இவற்றில் ஒப்பீட்டுக் குழுவினருக்கு வெற்று ஊசி போடாமல், பயன்தரும் வேறொரு தடுப்பூசி போடப்பட்டது. நேபாளத்திலும் மலாவியிலும் மூளையுறை அழற்சிக்கான ஊசியும், டாக்காவில் சப்பானிய மூளையழற்சிக்கான ஊசியும் தரப்பட்டன. பியர்சன் கேட்ட ஒப்பீடு இப்படித்தான், எவருக்கும் வெறுங்கை காட்டாமல், நிறைவேறியது.

பாதுகாப்பு எத்தனை ஆண்டு நீடிக்கும் என்பதில் முடிவுகள் வேறுபடுகின்றன. மலாவியில் நான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் பாதுகாப்பு பெரிதும் குறையவில்லை. டாக்காவில் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் அது கணிசமாகச் சரிந்தது. மிகச் சிறு வயதில் ஊசி பெற்றவர்களிடம் சரிவு கூடுதல்.

பயன்பாடு

2016 நவம்பரில் பாக்கித்தானின் சிந்து மாகாணத்தில் உள்ள ஐதராபாத் நகரில், வழக்கமான மருந்துகள் அனைத்துக்கும் செப்ட்ரியாக்சோன் ஊசிக்கும் கூடக் கட்டுப்படாத குடற்காய்ச்சல் தோன்றியது. வாய்வழி மருந்துகளில் அசித்ரோமைசின் ஒன்றே எஞ்சியது. 2018 இல் அந்நகரின் குழந்தைகளுக்கு இணைப்பு மருந்து போடப்பட்டது. அது இந்தியாவின் ஐதராபாத்தில் தயாரானது. ஒரே பெயர் கொண்ட இவ்விரு நகரங்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பின்னர் நடந்த ஆய்வில், கட்டுப்படாத அந்த வகைக்கு எதிராகவும் மருந்து 95 விழுக்காட்டுக்கு மேல் பயன்தந்தது தெரிந்தது. பாக்டீரியா மருந்துகளை எதிர்த்து மாறினாலும் உறை மாறவில்லை என்பதால் இது எதிர்பார்க்கப்பட்டதே. 2019 நவம்பரில், வழமையான குழந்தைத் தடுப்பூசித் திட்டத்தில் இதைச் சேர்த்த முதல் நாடாகப் பாக்கித்தான் ஆனது. தொடர்ந்து லைபீரியா, சிம்பாப்வே, நேபாளம், மலாவி போன்ற நாடுகளும் சேர்த்தன. ஏழை நாடுகளுக்கு 'கவி' தடுப்பு மருந்துக் கூட்டமைப்பு நிதியுதவி அளிக்கிறது.

இந்தியாவில் 2018 இல் நவி மும்பை மாநகராட்சி ஒன்பது மாதம் முதல் பதினான்கு வயது வரையிலான ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் போட்டது. பிற இடங்களில் பெற்றோர் தனியார் மருத்துவமனைகளில் பணம் செலுத்தியே போட்டுவந்தனர். நோயின் உண்மையான அளவு தெரியாததும் அரசுத் திட்டத்தில் சேர்க்கத் தயங்கியதற்கு ஒரு காரணம். உறுதி செய்யக் குருதி வளர்ப்புச் சோதனை தேவை. அதுவும் ஏறத்தாழ பாதி நோயாளிகளையே கண்டுபிடிக்கும். பரவலாகச் செய்யப்படும் வைடல் சோதனை நம்பத்தகுந்தது அன்று. இக்குறையைப் போக்க வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று, 2017 முதல் 2020 வரை பல இடங்களில் குழந்தைகளை வாரந்தோறும் கண்காணித்தது. வேலூர், தில்லி, கொல்கத்தா ஆகிய நகர்ப்புறக் களங்களில் ஒரு இலட்சம் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 576 முதல் 1,173 பேர் வரை நோயுற்றனர். புனே அருகே உள்ள கிராமக் களத்தில் 35 பேர் மட்டுமே. நகரக் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் அருகருகே செல்லும் நிலையை அறிந்தவர்களுக்கு இவ்வேறுபாடு வியப்பளிக்காது. 2022 இல் இந்திய அரசின் தடுப்பூசி ஆலோசனைக் குழு இணைப்பு மருந்தைத் தேசியத் திட்டத்தில் சேர்க்கப் பரிந்துரைத்தது.

பிற தயாரிப்புகள்

ஐதராபாத்தின் பயாலஜிகல் ஈ நிறுவனத்தின் மருந்து 2020 இல் முன்தகுதி பெற்றது. இதற்கான விஐ உறை குடற்காய்ச்சல் கிருமியிலிருந்து எடுக்கப்படுவதில்லை. அதே உறையை உடைய, கையாள ஆபத்து குறைந்த சிட்ரோபாக்டர் என்ற பாக்டீரியாவிலிருந்து எடுக்கப்படுகிறது. சியோலில் உள்ள பன்னாட்டுத் தடுப்பு மருந்துக் கழகம், தொண்டை அடைப்பான் நச்சின் தீங்கற்ற வடிவத்தைப் புரதமாகக் கொண்ட இன்னொரு மருந்தை உருவாக்கித் தென்கொரியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் நிறுவனங்களுக்குத் தொழில்நுட்பத்தை வழங்கியது.

வரம்புகள்

விஐ உறை இல்லாத பாராடைஃபி ஏ பாக்டீரியாவுக்கு எதிராக இம்மருந்துகள் எதுவும் செய்யாது. அதனால் வரும் காய்ச்சலை அறிகுறிகளை வைத்துக் குடற்காய்ச்சலிலிருந்து பிரித்தறிய முடியாது. ஆகவே ஊசி போட்ட பின்னும் 'டைபாய்டு' வந்தது என்று ஒருவர் சொல்லும்போது, அது பாராடைஃபியாகவோ தவறான வைடல் முடிவாகவோ இருக்கக்கூடும். இரண்டையும் தடுக்கும் கூட்டு மருந்துகள் சோதனையில் உள்ளன.

பிற உணவுவழி பாக்டீரியாக்கள்

குடற்காய்ச்சலுக்குக் கிடைத்த வெற்றி மற்ற உணவுவழி நோய்களுக்கு எளிதாகக் கிடைக்கவில்லை. டைஃபி ஒரே உறையுடைய ஒரே வகை. பிற சால்மோனெல்லாவிலோ 2,500க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. காம்பைலோபாக்டருக்கு மருந்து உருவாக்குவதில் வேறொரு தடை உள்ளது. அதன் மேற்பரப்புச் சர்க்கரைகளில் சில மனித நரம்புகளில் உள்ளவற்றை ஒத்திருப்பதால், அத்தொற்றுக்குப்பின் சிலருக்கு உடலின் எதிர்ப்பாற்றல் நரம்புகளையே தாக்கிக் கில்லன்–பாரே வாதம் ஏற்படுகிறது. தடுப்பு மருந்தும் அதையே தூண்டிவிடக்கூடாது. லிஸ்டீரியாவுக்கும் மனிதருக்கான உரிமம் பெற்ற மருந்து இல்லை.

சில இடங்களில் மனிதருக்குப் பதிலாக விலங்குக்கு ஊசி போடப்படுகிறது. பிரித்தானியாவில் முட்டை வழியே பரவிய சால்மோனெல்லா என்டெரிடிடிஸ் 1980களின் இறுதியில் பெரும் அரசியல் சர்ச்சையாக வெடித்தது. 1998 முதல் அந்நாட்டின் முட்டைத் தரமுத்திரைத் திட்டத்தில் சேர்ந்த பண்ணைகளில் கோழிகளுக்குத் தடுப்பு மருந்து கட்டாயமாக்கப்பட்டது. நோய் பெருமளவு குறைந்ததைத் தொடர்ந்து, அம்முத்திரையுள்ள முட்டைகளைக் கருவுற்ற பெண்களும் சிறு குழந்தைகளும் அரைவேக்காட்டில் உண்ணலாம் என 2017 இல் அந்நாட்டு உணவுத் தர முகமை அறிவித்தது.